ஒரு நிலத்தின் மண்ணை விவரித்து எழுதுவது எப்படி: குழி தோண்டுவதிலிருந்து பெயரிடுவது வரை

ஒரு நிலத்தைப் பற்றிய குறிப்பில் “செம்மண் பூமி” என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தச் செம்மண் ஒரு முழம் ஆழத்தில் பாறையில் முட்டி நின்றுவிடுகிறதா, ஆள் உயரத்துக்குத் தொடர்கிறதா, மேலே மணலாக இருந்து கீழே இறுகிய களியாக மாறுகிறதா, பெய்த மழை உள்ளே இறங்குகிறதா, மேலேயே நிற்கிறதா என்பவற்றில் ஒன்றைக்கூட அந்த ஒற்றைச் சொல் தெரிவிப்பதில்லை. மரம் நடுகிறவருக்கும், பாசனம் அமைக்கிறவருக்கும், கழிவுநீர்க் குழிக்கு இடம் தேடுகிறவருக்கும் வேண்டியவை இந்தக் கேள்விகளுக்கான விடைகளே.

மண் விவரிப்பில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: கண்ணும் கையும் கண்டறிந்ததை ஆழத்தோடு சேர்த்து முதலில் எழுத வேண்டும், மண்ணின் பெயரைக் கடைசியில்தான் எழுத வேண்டும். பெயரை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர், அந்தப் பெயருக்குப் பொருந்தும் அடையாளங்களை மட்டுமே குழியில் தேடுவார். பார்த்தவற்றை ஒழுங்காகப் பதிந்துவைத்தால், பின்னர் பெயர் தவறென்று தெரியவந்தாலும் விவரிப்பு பயன்படும். பெயரை மட்டும் எழுதிவைத்து அது தவறாகிப்போனால் மீண்டும் குழி தோண்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

களத்துக்குச் செல்லும் முன்

விவரிப்பு எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம் பார்க்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். ஓராண்டுப் பயிர்களுக்கு ஒரு மீட்டர் ஆழம் பெரும்பாலும் போதும். மரப்பயிர்களுக்கும் வடிகால் திட்டங்களுக்கும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை பார்ப்பது நல்லது. கட்டடம் கட்டுவதற்கான இடமாக இருந்தால் இங்கே சொல்லப்படும் விவரிப்பு ஒரு முன்னறிமுகமாக மட்டுமே உதவும். மண்ணின் சுமைதாங்கும் திறனைப் பொறியாளர் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

கருவிகள் எளியவை. மண்வெட்டி, கடப்பாரை, கையால் சுழற்றும் மண் துளைக்கருவி, அளவு நாடா, முனை மழுங்காத கத்தி, தெளிப்பானில் நல்ல தண்ணீர், சிறு குப்பியில் மழைநீர் அல்லது வாலைவடிநீர், 2 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடை, பி.எச். தாள் அல்லது கையடக்க மானி, மாதிரிப் பைகள், நீரில் அழியாத மையுள்ள பேனா ஆகியவை வேண்டும். சுண்ணாம்பைச் சோதிக்கச் சுமார் 10 சதவீதச் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுக் குப்பியில் இருக்கட்டும். கையுறையும் கண் பாதுகாப்பும் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. நிறத்தைக் குறிக்க மன்செல் வண்ண அட்டைத் தொகுதி கிடைத்தால் மிக நல்லது.

நிலத்தின் செயற்கைக்கோள் படத்தையும், கிடைத்தால் பழைய நிலவரைபடத்தையும் பாருங்கள். மேடு வெட்டிச் சமப்படுத்தப்பட்டதா, வெளியிலிருந்து மண் கொட்டப்பட்டதா, பழைய நீர்நிலை தூர்க்கப்பட்டதா என்று நிலத்தை அறிந்தவர்களிடம் கேளுங்கள். குழியில் புரியாத பல விந்தைகளுக்கு இந்தக் கேள்விக்கான விடை விளக்கம் தந்துவிடும். அதே வேளையில் நிலத்தடியில் மின்கம்பியோ குழாயோ போகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேற்பரப்பைப் பார்த்து நிலத்தைப் பிரித்தல்

வந்தவுடன் குழி தோண்டத் தொடங்காமல் நிலம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரே நிலத்தில் மண் இடத்துக்கு இடம் மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து மண்ணை உருவாக்குகின்றன. 1941-இல் ஹான்ஸ் ஜென்னி முறைப்படுத்தித் தந்த இந்த ஐந்து காரணிகளில், ஒரு சிறிய நிலத்துக்குள் பெரும்பாலும் மாறுபடுவது ஏற்ற இறக்கம்தான். மேட்டின் உச்சியில் அரிப்பினால் மண் ஆழம் குறைந்து கல் மிகுந்திருக்கும். சரிவின் அடியில் மேலிருந்து அடித்துவரப்பட்ட மண் சேர்ந்து ஆழம் கூடியிருக்கும். பள்ளத்தில் நுண்துகளும் ஈரமும் தேங்கும். ஆகவே உச்சி, சரிவு, சரிவின் அடிவாரம், பள்ளம் என்று நிலத்தை முதலில் மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நடக்கும்போது மேற்பரப்பு நிறம் மாறும் இடம், கல் மிகுந்த பகுதி, வெண்மையான உப்புப் பூத்த இடம், அகலமான வெடிப்புகள், மழைநீர் அரித்த சிறு ஓடைகள், நீர் நின்று வற்றிய தடம், செடிகள் திடீரென்று குட்டையாகிப்போன இடம், கோரை போன்ற ஈரம் விரும்பும் தாவரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொன்றும் கீழே ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கான அறிகுறிகள். சரிவை அளந்து எழுதுங்கள்: 100 மீட்டர் கிடைத்தூரத்தில் 3 மீட்டர் இறங்கினால் அது 3 சதவீதச் சரிவு.

இவ்வாறு பிரிந்த ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஒரு குழி வேண்டும். அந்தக் குழி பகுதியின் நடுவில், அதன் இயல்பைக் காட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வரப்பு ஓரம், சாலை ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மரத்தின் அடி, பழைய கட்டட அடித்தளம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். குழி எண், இடத்தின் ஆயத்தொலைவுகள், தேதி, நிலப் பயன்பாடு, கடைசியாக எப்போது மழை பெய்தது அல்லது நீர் பாய்ச்சப்பட்டது ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசி மழையைப் பற்றிய குறிப்பு அற்பமாகத் தோன்றும். ஆனால் மண்ணின் உறுதியையும் ஈரத்தையும் பற்றிப் பின்னால் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோல்.

குழி

ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் இருந்தால் உள்ளே இறங்கி வசதியாகப் பார்க்கலாம். நீங்கள் விவரிக்கப்போகும் சுவரின் மேல் சூரிய ஒளி விழுமாறு குழியின் திசையை அமைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்கு மேலுள்ள தரையில் யாரும் மிதிக்கவோ மண்ணைக் கொட்டவோ கூடாது. மேல்மண்ணின் இயல்பான அமைப்பு அங்கேதான் கலையாமல் இருக்க வேண்டும். தோண்டிய மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவித்து, மூடும்போது அதே வரிசையில் திருப்பிப் போடுங்கள்.

குழியின் பாதுகாப்பை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. இடுப்பளவு சரிந்தாலும் ஒருவரால் தானாக வெளியே வர முடியாது. சுமார் 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கங்களைப் படிப்படியாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ இறங்க வேண்டாம். தனியாகவும் இறங்க வேண்டாம். மணற்பாங்கான மண்ணிலும் நீர் கசியும் மண்ணிலும் இந்த ஆழமே அதிகம். அங்கே மேல் பகுதியைக் குழியிலும் மீதியைத் துளைக்கருவியாலும் பார்க்க வேண்டும்.

மண்வெட்டி வழித்த சுவர் பளபளப்பாக மெழுகிவிட்டதுபோல் இருக்கும். அதில் கட்டமைப்பு தெரியாது. கத்தி முனையால் மேலிருந்து கீழாக மண்ணைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து இயல்பான முகத்தை வெளிக்கொணருங்கள். பிறகு அளவு நாடாவைத் தொங்கவிட்டு, எதையும் கலைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

அடுக்குகளைப் பிரித்தல்

ரஷ்யக் கருமண்ணைப் பற்றிய தமது ஆய்வை 1883-இல் வெளியிட்ட வசீலி தக்குச்சாயெவ், மண்ணை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டிய தனி இயற்கைப் பொருளாக நிலைநாட்டினார். இன்றைய விவரிப்பு முறைகள் எல்லாம் அந்தப் பார்வையிலிருந்து வளர்ந்தவையே. மேற்பரப்பில் கிடக்கும் இலைச்சருகு, மட்கு ஆகியவற்றின் அடுக்கை ‘ஓ’ என்றும், மட்கு கலந்து கருத்த மேல்மண்ணை ‘ஏ’ என்றும், களியும் இரும்பும் கழுவப்பட்டு வெளிறிய அடுக்கை ‘ஈ’ என்றும், மேலிருந்து இறங்கிய பொருள்கள் சேர்ந்தோ நிறமும் கட்டமைப்பும் மாறியோ உருவான அடிமண்ணை ‘பி’ என்றும், பெரிதும் மாறாத தாய்ப்பொருளை ‘சி’ என்றும், கடும்பாறையை ‘ஆர்’ என்றும் குறிப்பது உலக வழக்கு. எல்லா மண்ணிலும் எல்லா அடுக்கும் இருக்காது. அண்மையில் படிந்த ஆற்று மண்ணில் ‘ஏ’ அடுக்குக்கு நேர் கீழே ‘சி’ வந்துவிடலாம்.

எழுத்துகளை உடனே இட்டுவிட வேண்டாம். முதலில் நிறம் மாறும் கோடுகளைக் கத்தியால் கீறிக் குறியுங்கள். அடுத்து, கத்தி முனையால் மேலிருந்து கீழ்வரை குத்திக்கொண்டே வாருங்கள். நிறம் மாறாத இடத்திலும் குத்தும்போது எதிர்ப்பு மாறினால் அங்கே ஓர் அடுக்கின் எல்லை இருக்கக்கூடும். ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுத நிலங்களில், உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே இவ்வாறு இறுகிய மெல்லிய அடுக்கு அடிக்கடி அகப்படும். கண்ணுக்குத் தெரியாத அதைக் கை கண்டுபிடித்துவிடும்.

ஒவ்வோர் அடுக்கின் தொடக்க ஆழத்தையும் முடிவு ஆழத்தையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். எல்லை எவ்வளவு தெளிவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாற்றம் 2 சென்டிமீட்டருக்குள் நிகழ்ந்தால் திடீர் எல்லை, 2 முதல் 5 வரை என்றால் தெளிவான எல்லை, 5 முதல் 15 வரை என்றால் படிப்படியான எல்லை, அதற்கும் மேல் என்றால் மங்கலான எல்லை. திடீர் எல்லை எப்போதும் கவனத்துக்குரியது. மனிதர் கொட்டிய மண்ணும், வெள்ளம் விட்டுச்சென்ற படிவும், உழவின் அடிமட்டமும் பெரும்பாலும் திடீர் எல்லையாகவே தெரியும். அதற்குக் கீழே செங்கல் துண்டோ பிளாஸ்டிக் துணுக்கோ கிடைத்தால், மேலே இருப்பது வெளியிலிருந்து வந்த மண் என்று உறுதியாக எழுதலாம்.

நிறம்

நிறத்தை எப்போதும் ஈரமான நிலையில், நேரடிப் பகல் ஒளியில் பாருங்கள். காலை, மாலை நேரத்து மஞ்சள் ஒளி நிறத்தை மாற்றிக்காட்டும். காய்ந்த கட்டியில் நீர் தெளித்து, பளபளப்பு மறையும் வரை பொறுத்து, உடைத்த புதுமுகத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். மன்செல் குறியீட்டில் மூன்று பகுதிகள் உண்டு: நிறச்சாயல், ஒளிர்வு, செறிவு. 10 ஒய்ஆர் 4/3 என்பது மஞ்சள் கலந்த சிவப்புச் சாயலில் ஒளிர்வு 4, செறிவு 3 உடைய பழுப்பு நிறம். அட்டை இல்லாவிட்டால் “அடர் செம்பழுப்பு, ஈரத்தில்” என்பதுபோல் நிறத்தோடு ஈரநிலையையும் சேர்த்து எழுதினால் போதும்.

சிவப்பும் மஞ்சளும், மண்ணிலுள்ள இரும்பு காற்றோட்டத்தில் ஆக்சைடாக நிலைத்திருப்பதைக் காட்டுகின்றன. நெடுங்காலம் நீர் தேங்கும் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிரிகள் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்ற, அது நகர்ந்துபோய் மண் சாம்பல் நிறமாகவோ நீலச்சாம்பலாகவோ ஆகிவிடுகிறது. நீர் ஏறியும் இறங்கியும் வரும் அடுக்கில் சாம்பல் பின்னணியில் ஆரஞ்சுத் திட்டுகளும், வேர்த் துளைகளின் ஓரத்தில் துரு நிறக் கோடுகளும் உருவாகும். இந்தத் திட்டுகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன, பரப்பில் எத்தனை சதவீதம், எவ்வளவு பெரியவை, பின்னணியிலிருந்து எவ்வளவு பளிச்சென்று வேறுபடுகின்றன என்பதை விரிவாக எழுதுங்கள். கோடைகாலத்தில் காய்ந்து கிடக்கும் குழியிலும், மழைக்காலத்தில் நீர்மட்டம் எங்கே நின்றது என்று இந்தத் திட்டுகள் சொல்லிவிடும். நிறத்தைப் பற்றிய குறிப்பில் இதைவிடப் பயனுள்ள பகுதி வேறில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கருமை எல்லாம் மட்கின் அடையாளமல்ல. கரிசல் மண்ணில் மிகக் குறைந்த மட்கும் களியோடு பிணைந்து அடர்ந்த கருநிறம் தரும். சாம்பல் நிறம் எல்லாம் நீர்த்தேக்கத்தின் அடையாளமும் அல்ல; தாய்ப்பாறையே அந்த நிறமாக இருக்கலாம். திட்டுகளும் வேரோரத் துருவும் சேர்ந்து காணப்பட்டால் மட்டுமே நீர்த்தேக்கம் என்று துணிந்து எழுத வேண்டும்.

நயம்: கையால் அறிதல்

மணல், வண்டல், களி ஆகிய மூன்று அளவுத் துகள்களின் விகிதமே மண்ணின் நயம். அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் 2 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மணல், 0.05 முதல் 0.002 வரை வண்டல், அதற்குக் கீழே களி. வேறு வகைப்பாடுகளில் மணலுக்கும் வண்டலுக்கும் இடையிலான எல்லை 0.063 என்றோ 0.02 என்றோ மாறும். எதைப் பின்பற்றினீர்கள் என்று எழுதாவிட்டால் ஆய்வக முடிவோடு ஒப்பிடும்போது குழப்பம் வரும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சரளையும் கல்லும். அவற்றைச் சலித்து நீக்கிவிட்டு, கன அளவில் எத்தனை சதவீதம் என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

ஒரு கைப்பிடி சலித்த மண்ணை உள்ளங்கையில் எடுத்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, கட்டிகள் எல்லாம் கரைந்து சப்பாத்தி மாவின் பதத்துக்கு வரும் வரை பிசையுங்கள். ஒரு நிமிடமாவது பிசைய வேண்டும். பெரும்பாலான தவறுகள் அவசரத்தால் வருபவை. உருண்டையாகவே நிற்கவில்லை என்றால் அது மணல். உருண்டை பிடிக்கிறது, ஆனால் நாடாவாக நீளவில்லை என்றால் களி கொஞ்சமே கலந்த மணல்.

உருண்டை பிடித்தால், அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அழுத்தித் தள்ளி, தட்டையான நாடாவாக நீட்டுங்கள். தன் எடையால் முறியும்வரை அது எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் அது இருமண் வகை, அதாவது மூன்று துகள்களும் கலந்து எந்த ஒன்றின் குணமும் மேலோங்காத மண். 2.5 முதல் 5 வரை நீண்டால் களி கலந்த இருமண். 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் களிமண். அடுத்து, அதே மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் நிறைய நீர்விட்டுக் குழைத்து விரலால் தேயுங்கள். நறநறவென்று உரசினால் மணல் தூக்கல்; மாவுபோல் வழவழத்தால் வண்டல் தூக்கல்; இரண்டும் தனித்துத் தெரியாவிட்டால் நடுநிலை. நாடாவின் நீளம் களியின் அளவையும், தேய்க்கும் உணர்வு மணலா வண்டலா என்பதையும் தருவதால், இரண்டையும் சேர்த்தால் 12 நய வகுப்புகளில் மண் எதில் விழுகிறது என்பதை அண்ணளவாகச் சொல்லிவிடலாம்.

கையை ஏமாற்றும் மண்ணும் உண்டு. நெடுங்காலம் சிதைவுற்ற சில செம்மண்களில் இரும்பு ஆக்சைடு, களித் துகள்களை நுண்ணிய குருணைகளாகக் கட்டிவைத்திருக்கும். தொடக்கத்தில் மணலாகத் தோன்றும் இந்த மண், விடாமல் பிசையப் பிசையக் களியாக மாறிக்கொண்டே வரும். அப்படி மாறுவதையே ஒரு குறிப்பாக எழுத வேண்டும். மட்கு மிகுந்த மண்ணும், பொடிச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் உண்மையைவிட வழவழப்பாகத் தோன்றும். ஆய்வகத்தில் நயம் அறியப்பட்ட சில மாதிரிகளைக் கைவசம் வைத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிட்டுப் பழகுவதே கையைத் திருத்துவதற்கு நான் பரிந்துரைக்கும் வழி.

உறுதி செய்துகொள்ள ஜாடிச் சோதனை இருக்கிறது. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிச் ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி நீரும், சிறிது நுரை குறைந்த சலவைத்தூளும் இட்டு நன்றாகக் குலுக்கி அசைக்காமல் வையுங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படிந்தது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிந்தது வண்டல். ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படிவது களி. படிவங்களின் உயரத்தை அளந்து விகிதம் காணலாம். களி நீரில் உப்பிப் படிவதால் இந்த முறை அதைச் சற்று மிகுத்துக் காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கட்டமைப்பும் உறுதியும்

நயத்தை எளிதில் மாற்ற முடியாது. கட்டமைப்பு மனிதர் கையில் கெடவும் சீராகவும் கூடியது. ஒரு பெரிய மண்கட்டியை எடுத்து, அதன் இயல்பான பிளவுகளில் தானாகப் பிரியும்படி மெதுவாக உடையுங்கள். மேல்மண்ணில் சிறு உருண்டைக் குருணைகளாகப் பிரிவது நல்ல அறிகுறி. அடிமண்ணில் பக்கங்கள் கொண்ட கட்டிகளாகவோ நெடுக்குவாட்டுத் தூண்களாகவோ பிரியலாம். கிடைமட்டத் தகடுகளாகப் பிரிந்தால் நீரும் வேரும் கீழே இறங்கத் தடை இருக்கிறது. பல நேரங்களில் எந்திரங்களின் எடை ஏற்படுத்திய இறுக்கம் அது. தலைப்பகுதி உருண்டு வெளிறிய தூண்கள் சோடியம் மிகுந்த மண்ணைச் சுட்டும். பிளவுகளே இல்லாமல் முழுப்பாளமாக இருப்பதையும், ஒட்டாமல் தனித் துகள்களாக உதிர்வதையும் அவ்வாறே எழுதுங்கள். வடிவம், அளவு, எவ்வளவு தெளிவாகப் பிரிகிறது என்ற மூன்றும் இருந்தால் கட்டமைப்புக் குறிப்பு நிறைவுறும்.

உறுதியைச் சொல்லும்போது ஈரநிலையைச் சொல்லாமல் விட்டால் பொருளே இல்லை. காய்ந்த கட்டியை விரல்களுக்கிடையில் நசுக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, ஈரமான கட்டி பொலபொலவென்று உதிர்கிறதா, நனைந்த மண் விரலில் எவ்வளவு ஒட்டுகிறது என்று மூன்று நிலைகளிலும் பார்க்கலாம்.

இறுக்கத்தை எண்ணால் சொல்ல வேண்டுமானால், கன அளவு தெரிந்த உலோக வளையத்தைச் சுவரில் சாய்வின்றிச் செலுத்தி எடுத்த மண்ணை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடை பார்த்து, பரும அடர்த்தியைக் கணக்கிடுங்கள். கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அளவில் உள்ள மண்ணில் ஏறத்தாழ பாதி கன அளவு துளைவெளியாக இருக்கும். களிமண்ணில் சுமார் 1.5-ஐயும் மணலில் சுமார் 1.8-ஐயும் தாண்டினால் வேர்கள் நுழைவது கடினம்.

வேர்கள் எந்த ஆழம்வரை போயிருக்கின்றன, எங்கே மடங்கிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன என்பதை எல்லா அடுக்கிலும் பாருங்கள். வேர் திரும்பிய ஆழமே பயிருக்கான உண்மையான மண் ஆழம். உங்கள் நாடா காட்டும் ஆழம் அதன் பிறகுதான். மண்புழுத் துளைகளையும் எழுதிவிடுங்கள்.

சுண்ணாம்பு, உப்பு, காரம்

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிறு கட்டியின் மேல் இரண்டு சொட்டு அமிலம் விடுங்கள். பொங்கும் ஒலி காதருகே மட்டும் மெல்லக் கேட்கிறதா, குமிழிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, நுரை பொங்குகிறதா என்று மூன்று படிகளில் குறிக்கலாம். சுக்கான் கற்கள் இருந்தால் அவற்றின் மேல் மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மண்ணின் மேலும் சோதியுங்கள்; கல் மட்டுமே பொங்குகிறதா, மண் முழுவதுமா என்பது வேறு வேறு செய்தி.

மண்ணின் பி.எச். அளவை ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரை பங்கு அல்லது ஐந்து பங்கு வடிநீர் கலந்து அளப்பது வழக்கம். எந்த விகிதம் என்று எழுத மறக்காதீர்கள். உவரையும் களரையும் ஒன்றாக எண்ணிவிடுவது இந்தப் பகுதியில் மிகுந்த கேடு விளைவிக்கும் தவறு. உவர் மண்ணில் கரையும் உப்பு மிகுதி. தெவிட்டிய மண்சாற்றின் (நீரால் நிறைவித்த மண்ணிலிருந்து பிரித்த சாற்றின்) மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டியிருக்கும். மேலே வெண்மை பூக்கும். உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். களர் மண்ணில் களித் துகள்கள் சோடியத்தைப் பற்றியிருக்கும்; பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டி, பி.எச். பெரும்பாலும் 8.5-க்கு மேல் போகும். அங்கே சோடியத்தை இடம்பெயர்க்க ஜிப்சம் போன்ற கால்சியம் தரும் பொருள் இல்லாமல் வெறும் நீர் பாய்ச்சுவது நிலைமையை மோசமாக்கக்கூடும். கள மானியில் 1:5 கரைசலில் அளந்த மின்கடத்துத்திறன் மண்சாற்றின் அளவைவிட மிகக் குறைவாகவே காட்டும் என்பதால், இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

சோடியத்தைக் களத்திலேயே ஐயப்பட ஓர் எளிய வழி உண்டு. காய்ந்த சிறு குருணை ஒன்றை, கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ள மழைநீரில் மெல்ல இட்டு அசைக்காமல் வையுங்கள். குருணை உடைந்து சிறு துணுக்குகளாகச் சரிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் கட்டமைப்பு வலுவற்றது என்று பொருள். குருணையைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் களித் துகள்கள் சிதறுகின்றன. சோடியம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் மறுநாள் ஒரு முறையும் பாருங்கள். கிணற்று நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பே கலங்கலைத் தடுத்துவிடும்.

நீர் இறங்கும் வேகம்

அடி, தலை இரண்டும் திறந்த உலோக உருளை ஒன்றைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் செலுத்தி, நீர் ஊற்றி, மட்டம் இறங்குவதைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். முதலில் வேகமாக இறங்கிப் பிறகு ஒரு நிலையான வேகத்துக்கு வரும். எழுத வேண்டியது அந்த நிலையான வேகமே. பொதுவாக மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேலும், இருமண்ணில் 10 முதல் 20 வரையும், களிமண்ணில் 1 முதல் 5 வரையும் இருக்கும். உங்கள் அளவு இதிலிருந்து பெரிதும் விலகினால் அது பயனுள்ள செய்தி: இருமண்ணில் நீர் மிக மெல்ல இறங்கினால் இறுகிய அடுக்கைத் தேடுங்கள்; களிமண்ணில் மிக வேகமாக இறங்கினால் வெடிப்புகள் வழியே போகிறது என்று கொள்ளலாம். குழியில் நீர் ஊறி வந்தால், எந்த ஆழத்தில், எவ்வளவு நேரம் கழித்து நிலைத்தது என்றும் குறியுங்கள்.

மாதிரி எடுத்தலும் விவரிப்பை எழுதுதலும்

குழியிலிருந்து மாதிரிகளை அடியிலிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் உதிரும் மேல்மண் கீழ் அடுக்குகளில் கலந்துவிடும். அடுக்கின் நடுப்பகுதியிலிருந்து அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். பைக்கு உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு குறிப்பும் வையுங்கள்.

எழுதும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள்: ஆழம், நிறம், திட்டுகள், நயம், கல், கட்டமைப்பு, உறுதி, வேர், சுண்ணாம்பு, பி.எச்., எல்லை. இல்லாததையும் “இல்லை” என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் நீங்கள் பார்க்கவில்லையா, அங்கே இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. கற்பனையான ஒரு குழியின் இரண்டு அடுக்குகள் இவ்வாறு அமையலாம்:

“0–18 செ.மீ.: ஈரத்தில் அடர் பழுப்பு (10 ஒய்ஆர் 3/3), திட்டுகள் இல்லை, மணல் கலந்த இருமண், சரளை 5 சதவீதத்துக்கும் குறைவு, தெளிவற்ற நுண் குருணைக் கட்டமைப்பு, ஈரத்தில் பொலபொலப்பு, நுண்வேர்கள் மிகுதி, அமிலத்தில் பொங்கவில்லை, பி.எச். 6.8 (1:2.5), திடீர் எல்லை.

18–31 செ.மீ.: ஈரத்தில் செம்பழுப்பு (5 ஒய்ஆர் 4/4), திட்டுகள் இல்லை, களி கலந்த இருமண், சரளை இல்லை, தெளிவான தகட்டுக் கட்டமைப்பு, ஈரத்தில் இறுக்கம், வேர்கள் மிகக் குறைவு, 20 செ.மீ.யில் பக்கவாட்டில் திரும்பியுள்ளன, அமிலத்தில் பொங்கவில்லை, பி.எச். 7.0, படிப்படியான எல்லை.”

இந்தப் பதிவுக்குக் கீழே, தனிப் பத்தியில், உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்: “18 செ.மீ.க்குக் கீழே உழவினால் இறுகிய அடுக்கு இருப்பதாகத் தெரிகிறது. வேர் ஆழம் அதனால் குறைந்துள்ளது.” கண்டதும் கருதியதும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. இன்னொருவர் அதே பதிவிலிருந்து வேறு முடிவுக்கு வர இடம் இருக்க வேண்டும்.

பெயரும் வரைபடமும்

எல்லா அடுக்குகளும் எழுதப்பட்ட பிறகே பெயர். ‘செம்மண்’, ‘கரிசல்’, ‘வண்டல்’, ‘களர்’ போன்ற மக்கள் வழக்குப் பெயர்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அவை நிலத்தோடு நெடுநாள் பழகியவர்களின் அறிவைச் சுமப்பவை. ஆனால் பெயரோடு ஆழம், மேல்மண் நயம், அடிமண் நயம், கட்டுப்படுத்தும் குறை ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள்: “நடுத்தர ஆழச் செம்மண், மேலே மணல் கலந்த இருமண், கீழே களி, 18 செ.மீ.யில் இறுக்கம்” என்பதுபோல. பன்னாட்டு ஒப்பீடு தேவையானால் 32 குழுக்கள் கொண்ட உலக மண்வள மேற்கோள் வகைப்பாடும், 12 வரிசைகள் கொண்ட அமெரிக்க வகைப்பாடும் உள்ளன. அவற்றில் ஒரு மண்ணைச் சேர்ப்பதற்கு நிறம் போதாது. இவ்விரண்டிலும் உள்ள வெர்ட்டிசால் என்ற வகையின் பெயரால் ஒரு மண்ணை அழைக்க, மண் கருமையாக இருப்பதைவிட, களி 30 சதவீதமாவது இருப்பதும், காலந்தோறும் வெடிப்புகள் திறந்து மூடுவதும், அடிமண்ணில் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியதால் உண்டான பளபளப்பான சாய்ந்த முகங்கள் தெரிவதுமே வேண்டும்.

இறுதியாக, குழிகளுக்கு இடையே துளைக்கருவியால் சோதித்து, ஒவ்வொரு மண் வகையும் எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் கோடு இடுங்கள். குழியில் கண்ட அடுக்குகளின் வரிசை துளையிலும் திரும்ப வந்தால் அதே பகுதி. வரிசை உடைந்தால் அந்த இரண்டு துளைகளுக்கு இடையில்தான் எல்லை. துளையிட்டு உறுதி செய்த எல்லைக்கு முழுக்கோடும், சரிவையோ செடிகளையோ பார்த்து ஊகித்த எல்லைக்கு விட்டுவிட்டு வரும் கோடும் போட்டு, துளையிட்ட ஒவ்வோர் இடத்தையும் எண்ணுடன் புள்ளியாகக் குறித்துவிடுங்கள்.